ஆறாம் எண் கட்டில்

நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அவள் தூங்கியது ஐந்து மணி இருபது நிமிடம். அதில் நாற்பது நிமிடம் கடையில், வாடிக்கையாளர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது.

இந்தக் கணக்கு ஒரு மஞ்சள் அட்டையில் இருந்தது. மருத்துவமனைச் செவிலியர் கொடுத்த அட்டை. எத்தனை மணிக்குப் படுத்தாள், எத்தனை முறை எழுந்தாள், மொத்தம் எவ்வளவு தூங்கினாள் என்று தினமும் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். இருபத்தெட்டாவது வாரம். குழந்தை நன்றாக இருக்கிறது, தாயைப் பார்த்தால்தான் நன்றாக இல்லை என்றார். அட்டையை அவள் சீருடையின் பையில் வைத்திருந்தாள். வீட்டில் வைத்தால் எழுத மறந்துவிடும்.

அவள் வேலை பார்த்தது மூன்று தளங்கள் உள்ள மரச்சாமான் கடையில். கீழே சோபா, நாற்காலி. முதல் மாடியில் கட்டில், மெத்தை, தலையணை. இரண்டாம் மாடியில் திரைச்சீலை, படுக்கை விரிப்பு. மொத்தம் இருநூற்றுப் பத்து நாற்காலிகளும் முப்பத்தாறு கட்டில்களும் இருந்தன. விற்பனையாளர்கள் உட்காரக் கூடாது என்பது விதி. காலை ஒன்பதரையிலிருந்து இரவு எட்டு வரை, சாப்பாட்டு நேரம் போக, நிற்க வேண்டும். ஆனால் வாடிக்கையாளருக்கு விளக்கிக் காட்டுவதற்காக மெத்தையில் படுக்கலாம். உட்கார்ந்தால் தப்பு, படுத்தால் வேலை. இந்த விதியை எழுதியவருக்கு இதில் விசித்திரம் எதுவும் தெரிந்திருக்கவில்லை.

ஆறாவது மாதம் முடியும்வரை அவள் இரண்டாம் மாடியில் இருந்தாள். மேல் தட்டிலிருந்து விரிப்புகளை எடுக்க ஏழு படி ஏணி. மாலையில் செருப்பின் வார் கால் மேல் பள்ளம் விழ அழுத்தியிருக்கும். நிற்பது எப்படி என்று செவிலியர் சொல்லிக்கொடுத்திருந்தார். வயிறு முன்னால் இழுக்கும். அதற்கு ஈடுகொடுக்க முதுகு பின்னால் வளையும். வலி அங்கேதான் உட்காரும். ஒரு காலை உயரம் குறைந்த பலகை மேல் வைத்து நில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காலை மாற்று, முழங்காலை விறைப்பாக வைக்காதே என்றார். இடுப்பை உள்ளே வாங்குவது மட்டும் அவளுக்குப் புரியவில்லை. செவிலியர் யோசித்து, வால் இருப்பதாக நினைத்துக்கொண்டு அதைக் கால்களுக்கு நடுவே சுருட்டிக்கொள்ளச் சொன்னார். அது உடனே புரிந்தது. அன்றிலிருந்து திரைச்சீலைகளுக்கு நடுவே, ஒரு கால் காலி அட்டைப்பெட்டி மேல், இல்லாத வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

அவளைக் கீழே இறக்கியது சோபா அக்கா. கீழ்த்தளத்தில் பதினாறு வருடமாகச் சோபா விற்பவர். முதலாளியிடம் நேராகப் பேசக்கூடிய ஒரே ஆள். கர்ப்பிணிகளுக்கான தலையணை என்று முதலாளி ஐம்பது உருப்படி தருவித்திருந்தார். இரண்டு மாதமாகி இரண்டு போயிருந்தது.

“வயித்தோட ஒருத்தி நம்ம கடையிலயே ஏணி ஏறிட்டிருக்கா. நீங்க அந்தத் தலகாணியப் பொம்மைக்குப் போத்தி வச்சிருக்கீங்க,” என்றார் சோபா அக்கா.

முதலாளிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் இஞ்ச் டேப். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். அவர் அவளை நிற்கவைத்து, தலையணையை அவள் பக்கத்தில் நிறுத்தி, இரண்டையும் அளந்தார். சரி என்றார். விடுப்பு தொடங்கும்வரை முதல் மாடி, ஆறாம் எண் கட்டில். நான்கு வேளை படுத்துக் காட்ட வேண்டும். மற்ற நேரம் முதல் மாடியிலேயே நிற்கலாம், ஏணி கிடையாது. தலையணை விற்கும்வரை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது.

ஆறாம் எண் கட்டிலில் தலைப்பக்கத்தை ஒரு கைப்பிடியால் உயர்த்தலாம். பதினொன்று, ஒன்று, நான்கு, ஆறு மணிக்கு அவள் அதில் ஏறுவாள். முதலில் ஓரத்தில் அமர்ந்து, கையை ஊன்றிப் பக்கவாட்டில் சாய்ந்து, பிறகு இரண்டு கால்களையும் ஒன்றாகத் தூக்கி வைப்பாள். எழுவதும் இதே வழியில், பின்னிருந்து முன்னாக. தலையணை குதிரை லாடம் போல இருக்கும். ஒரு பக்கம் முதுகுக்கு அணை. மறு பக்கத்தின் மேல் பகுதி வயிற்றைத் தாங்கும், கீழ்ப் பகுதி முழங்கால்களுக்கு நடுவே போகும். முழங்காலும் இடுப்பும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று முதலாளி நாடாவால் அளந்து சொல்வார். யாரும் அவரைக் கேட்டதில்லை.

அவளுக்குக் கூச்ச சுபாவம். மெல்லிய குரலில், சுவரைப் பார்த்துக்கொண்டு நான்கு வாக்கியம் சொல்வாள். வாடிக்கையாளர்கள் அதை உண்மையின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் நான்கு மணிக்கு, இரண்டாவது வாக்கியத்தின் நடுவில் தூங்கிப்போனாள். தலைப்பக்கம் உயர்ந்திருந்தது, மெத்தை குழிவிழாதது, மின்விசிறி நேர் மேலே. பதினொரு நிமிடம். முதலாளி உதட்டில் விரல் வைத்துக் கூட்டத்தை அடக்கினார். ஒரு பெரியவர் காலணி சத்தம் போடுகிறது என்று கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அவள் கண் விழித்தபோது நான்கு தலையணைகள் போயிருந்தன. அந்தப் பெரியவர் இன்னும் கையில் காலணியோடு நின்று, வீட்டிலும் இதில்தான் தூங்குகிறாயா என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் முதலாளி பதில் சொல்லிவிட்டார்.

“பின்ன? தினம் ஏழு மணி நேரம். அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குது பொண்ணு.”

அன்று இரவு கடை மூடும்போது ஒரு தலையணையை அவளிடம் கொடுத்தார். பொய் சொல்லி விற்கிற பழக்கம் தனக்குக் கிடையாது, வீட்டுக்கு எடுத்துப்போய் இதில் தூங்கு என்றார்.

வீட்டுக் கட்டில் நான்கு அடி அகலம். தலையணை இரண்டே முக்கால் அடி. வீட்டுக்காரருக்கு மிஞ்சியது ஒன்றேகால் அடி. அவர் பேருந்து ஓட்டுநர். அதிகாலை ஐந்து மணிக்கு முதல் நடை. முதல் நாள் கட்டிலின் ஓரத்தில் அளவுகோல் போலக் கிடந்தார். இரண்டாம் நாள் கீழே விழுந்தார். தன் மேல்தான் தப்பு என்பதுபோல மெல்ல ஏறிப் படுத்துக்கொண்டார்.

தலையணையால் அவளுக்கு முதுகு வலி குறைந்தது. ஆனால் படுத்த அரை மணியில் நெஞ்செரிச்சல் தொண்டை வரை ஏறியது. வீட்டுக் கட்டிலில் தலைப்பக்கம் உயராது. நடுவில் குழி வேறு. சிறுநீர் கழிக்க எழ வேண்டுமென்றால் லாடத்தின் கையைத் தாண்ட வேண்டும், ஓர் இரவுக்கு ஐந்து முறை. மூன்றாம் இரவு எரிச்சல் தாங்காமல் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். முதுகுக்குச் சுருட்டிய துண்டு, காலுக்குக் கவிழ்த்துவைத்த வாளி. எரிச்சல் இறங்கியது. நாற்பது நிமிடம் கண் அயர்ந்தாள். விழித்துப் பார்த்தபோது வீட்டுக்காரர் புரண்டு லாடத்துக்குள் போயிருந்தார். ஒரு காலை அதன் மேல் போட்டு, முகத்தை அதில் புதைத்து, அவள் கல்யாணமான நாளிலிருந்து பார்த்திராத தூக்கம்.

காலையில் அவர் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மூன்று வருடமாக இருந்த பிடிப்பு இல்லை. அதைச் சொல்லவே அவருக்குச் சங்கடமாக இருந்தது. அன்று இரவு தலையணையை அவள் பக்கம் தள்ளிவைத்துவிட்டுச் சுவரோரம் ஒண்டினார். அவள் இன்னும் இரண்டு நாள் முயன்று பார்த்தாள். எரிச்சல் அதே நேரத்துக்கு வந்தது. பிறகு இருவரும் பேசிவைக்காமலே, அவள் நாற்காலிக்கும் அவர் லாடத்துக்கும் போனார்கள். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போகிற மனிதர் தூங்குவது நல்லதுதான் என்று அவள் நினைத்தாள்.

“டிப்போல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு,” என்றார் ஒருநாள். “எனக்கு எத்தனாவது மாசம்னு கேக்கறானுங்க.”

பத்து நாளில் ஆறாம் எண் கட்டிலின் தலைமாட்டில் ஒரு பலகை வந்தது. ‘எங்கள் ஊழியர் தினமும் ஏழு மணி நேரம் இதில் உறங்குகிறார்.’ எழுத்துக்குக் கீழே நிலா. அவள் அதைப் படித்துவிட்டு முதலாளியின் கண்ணாடி அறை வரை போனாள். என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பிவிட்டாள்.

சோபா அக்காவிடம் மட்டும் சொன்னாள். அக்கா ஒரு சோபாவின் முதுகைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“வாய மூடிட்டுப் படு. உண்மை பேசணும்னு ஆசையா இருந்தா ரெண்டாவது மாடிக்குப் போய் ஏணி மேல நின்னு பேசு.”

விடுப்புக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. மெத்தையில் கிடைக்கும் அந்த நாற்பது நிமிடம் போனால், மஞ்சள் அட்டையில் என்ன மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியும். அவள் வாயை மூடிக்கொண்டு படுத்தாள்.

அடுத்த வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு கணக்கு டீச்சர் வந்தார். இருபத்தாறாவது வாரம். கூட மாமியார். டீச்சர் கேள்விகளை ஒரு தாளில் எண் போட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார். பஞ்சு எத்தனை நாளில் அமுங்கும், உறையைத் துவைக்கலாமா, இடது பக்கமா வலது பக்கமா. ஐந்தாவது கேள்வி: தூக்கத்தில் மல்லாந்து புரண்டுவிட்டால் என்ன ஆகும்?

இதே கேள்வியை அவளும் செவிலியரிடம் கேட்டிருந்தாள். செவிலியர் சொன்ன பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் முதலாளி அருகில் நின்றார்.

“இதுல புரளவே முடியாது மேடம். அதுக்குத்தான இது,” என்றார்.

டீச்சர் அவரை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். “நீங்க ஒருதடவகூடப் புரண்டதில்லையா?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அது பொய்யில்லை. நாற்காலியில் புரள முடியாது.

டீச்சர் தாளில் ஐந்துக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டார். தலையணையை மாமியார் தூக்கிக்கொள்ள, இருவரும் மெதுவாகப் படி இறங்கிப் போனார்கள். அன்று மாலை அவள் மஞ்சள் அட்டையில் இரண்டு மணி ஐம்பது நிமிடம் என்று எழுதினாள்.

ஒன்பது நாள் கழித்து, சனிக்கிழமை நான்கு மணிக்கு, அவர்கள் திரும்பி வந்தார்கள். கூட்டம் பன்னிரண்டு பேர் இருக்கும். அவள் அப்போதுதான் படுத்து முதல் வாக்கியத்தை முடித்திருந்தாள். டீச்சரின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மாமியார் யாரையும் கேட்காமல் ஐந்தாம் எண் கட்டிலில் உட்கார்ந்து, மெத்தையைக் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்து, பெருமூச்சு விட்டார்.

தலையணையைத் திருப்பித் தர வந்திருக்கிறார்கள் என்று முதலாளி நினைத்தார். உறை பிரித்தால் திரும்ப எடுப்பதில்லை என்று தொடங்கினார். டீச்சர் கையை உயர்த்தி வகுப்பில் நிறுத்துவதுபோல அவரை நிறுத்தினார். திருப்பித் தர வரவில்லை. நான் எங்கே தப்பு செய்கிறேன் என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன் என்றார்.

நடந்ததை மாமியார்தான் சொன்னார். மூன்றாம் நாள் மருமகள் கண் விழித்தபோது மல்லாந்து கிடந்திருக்கிறாள். புரளவே முடியாத தலையணையில் புரண்டிருக்கிறாள் என்றால் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று அழுதாள். குழந்தை உதைக்கிறதா என்று விடியும்வரை கை வைத்துப் பார்த்தாள். உதைத்தது. அப்படியும் நம்பவில்லை. மறுநாளிலிருந்து மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் காவல். புரளப் போனால் குடைக் காம்பால் தோளில் தட்ட வேண்டும்.

“அவ தூங்கினா நான் தட்றேன். நான் தூங்கினா, அத்தை தூங்கிட்டீங்களான்னு அவ தட்றா,” என்றார் மாமியார். “வீட்டுல ஒரு குடைதான் நல்லா முழிச்சிட்டிருக்கு.”

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்தார். ஒன்பது நாளுக்கு ஒன்பது வரி. ஒவ்வொரு வரியிலும் தூங்கிய நேரம், புரண்ட தடவை. கீழே சராசரி. இரண்டு மணி நாற்பது. அதற்குப் பக்கத்தில், ஒப்பிடுவதற்காக, வட்டம் போட்டு ஓர் ஏழு.

அந்த ஏழு தன்னுடையது என்று அவளுக்குப் புரிந்தது.

முதலாளி நிலைமையைத் தன் வழியில் சரிசெய்யப் பார்த்தார். டீச்சரை ஐந்தாம் எண் கட்டிலில் படுக்கச் சொல்லி, கடைத் தலையணை ஒன்றை வைத்து, முழங்கால் உயரத்தையும் இடுப்பு உயரத்தையும் அளந்தார். இரண்டு அங்குலம் வித்தியாசம் என்று அறிவித்தார். தப்பு இங்கேதான் இருக்கிறது, இந்த இரண்டு அங்குலத்தைச் சரிசெய்தால் இந்தப் பெண் மாதிரி ஏழு மணி நேரம் தூங்கலாம் என்றார். டீச்சர் படுத்தபடியே நோட்டில் இரண்டு அங்குலம் என்று எழுதினார்.

“இவங்களுக்கும் இருபத்தெட்டு வாரம். எனக்கும் இருபத்தெட்டு ஆகப்போகுது,” என்றார், யாரிடமும் இல்லாமல். “இவங்களால முடியுது. படுக்கக்கூடத் தெரியாதவ நான், பிள்ளைய எப்படி வளர்க்கப் போறேன்.”

மாமியார் மருமகளின் பாதத்தைப் பிடித்து, செருப்புப் படாமலிருக்க மெத்தையின் கால்மாட்டில் விரித்திருந்த பிளாஸ்டிக்கின் மேல் சரியாக வைத்தார்.

இரண்டு கட்டில்களுக்கும் நடுவே மூன்றடி இடைவெளி. இருவரும் இடது பக்கமாகப் படுத்திருந்ததால் டீச்சரின் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது. சட்டை தோளில் ஒரே இடத்தில் கசங்கியிருந்தது. குடைக் காம்பு படும் இடமாக இருக்கலாம்.

அவள் கையை ஊன்றினாள். பக்கவாட்டில் எழுந்து, கால்களை ஒன்றாக இறக்கி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அங்கிருந்து எழுந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை.

“எந்திரிம்மா,” என்றார் முதலாளி தாழ்ந்த குரலில். “காட்சி முடியல. படு, இல்லன்னா நில்லு.”

அவள் உட்கார்ந்தே இருந்தாள். குழந்தை ஒருமுறை புரண்டு விலா எலும்பின் கீழ் எதையோ தள்ளியது. கீழ்த்தளத்திலிருந்து சோபா அக்கா எதற்காகவோ மேலே வந்திருந்தார். படியின் கடைசிக் கட்டையில் நின்று, தூசித் துணியைக் கையில் பிடித்தபடி, அவளையே பார்த்தார். லேசாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

சுவரைப் பார்த்துக்கொண்டு அவள் பேசத் தொடங்கினாள். முதலில் செவிலியர் சொன்னதைச் சொன்னாள். படுக்கப் போகும்போது பக்கவாட்டில் படுத்தால் போதும். இடது வலது எதுவானாலும் சரி. நடுவில் விழித்து மல்லாந்திருந்தால் பதற்றப்பட ஒன்றுமில்லை, திரும்பிப் படுத்துத் தூங்க வேண்டியதுதான். எல்லோரும் புரள்வார்கள். காவல் வேண்டாம். இதைப் போன வாரமே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

டீச்சர் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். நோட்டு இன்னும் கையில் இருந்தது.

“அப்ப நீங்க மட்டும் புரளாம எப்படித் தூங்கறீங்க?”

பன்னிரண்டு பேரும் காத்திருந்தார்கள். முதலாளி கழுத்து நாடாவின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் சீருடைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து, மூன்றடி இடைவெளியைத் தாண்டி நீட்டினாள். டீச்சர் அதை வாங்கி முதல் வரியைப் படித்தார். இரண்டாவது வரியையும் படித்தார். விரலால் கீழே இறங்கிக்கொண்டே போனார். பிறகு தன் நோட்டைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை.

“நான் இதுல தூங்கறதே இல்ல டீச்சர். நெஞ்சு எரியுதுன்னு ராத்திரி பூரா நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன். இந்தத் தலகாணியில ஏழு மணி நேரம் தூங்கறது எங்க வீட்டுக்காரர்.”